தம்பி நடிக்கவில்லை, சகோதரி

அம்பாசமுத்திரம் சகோதரிக்கு,

தற்கொலைக்கு முயன்று பிழைத்த தம்பி, எட்டு மாதமாகியும் கேட்டதையே கேட்கிறார், கை நடுங்குகிறது, அப்பா 'நடிக்கிறான்' என்று திட்டுகிறார் என எழுதியிருந்தீர்கள். மூளைக்குப் பிராணவாயு தடைபட்டதாக மருத்துவர் சொன்னாரே, அதுதான் காரணம். அப்போது முதலில் அடிபடும் இடங்களில் ஒன்று, புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ். பழையது நிற்கும், காலையில் நடந்தது நிற்காது.

என் அண்ணனும் இப்படித்தான் மீண்டார். சட்டைப் பொத்தானை விரல் தேடித் தேடி வழுக்கும். நாங்கள் பார்த்தால் கையை இறக்கிவிடுவார். ஓடிப்போய்ப் போட்டுவிடாமல் பக்கத்தில் காத்திருக்க அம்மாவுக்கு ஒரு வருடம் பிடித்தது. மாத்திரை, குளியல், பஸ் நேரம் எல்லாம் கதவில் தொங்கும் நாட்காட்டியில் எழுதியிருக்கும். இன்றும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பாபநாசம் பஸ் ஏறுகிறார்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையில் நரம்பியல், மனநலம் இரண்டிலும் காட்டுங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழ் பற்றியும் கேளுங்கள். போலீஸ் பயம் வேண்டாம். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை. மறுபடி அந்த எண்ணம் தலைகாட்டினாலும், உங்களுக்கே தாங்கவில்லை என்றாலும், அரசின் மனநல உதவி எண்ணான 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

இன்று இரவே அப்பாவுக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.