அப்லேஷன் முடிந்தது, தொந்தரவு முடியவில்லை: கேள்வி பதில்

இதயத் துடிப்புக் கோளாறுக்கு அப்லேஷன் (குழாய் விட்டு, கோளாறுக்குக் காரணமான இடத்தில் வடு உண்டாக்கும் சிகிச்சை) செய்துகொண்ட சிலர் அனுப்பிய கேள்விகள் இவை. நான் இந்தச் சிகிச்சை நடக்கும் ஈ.பி. லேப்பில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், டாக்டர் இல்லை. மாத்திரையைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் உங்கள் டாக்டர் சொன்னால்தான்.

கேள்வி: சிஸ்டர், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) அப்லேஷன் செய்து ஐந்து வாரம் ஆகிறது. முன்பு சும்மா உட்கார்ந்திருந்தால் நாடி 65 இருக்கும். இப்போது 80க்குக் கீழே வருவதே இல்லை. ஈசிஜி நார்மல் என்கிறார்கள். அப்புறம் ஏன் இப்படி?

பதில்: இதே கேள்வியைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் சிரைகளின் வாயிலில்தான் இந்தக் கோளாறைக் கிளப்பும் துடிப்புகள் பெரும்பாலும் பிறக்கின்றன. பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் 1998இல் இதைக் காட்டினார்கள். அந்த வாயில்களைச் சுற்றிச் சூடு வைத்தோ உறையவைத்தோ வடு உண்டாக்குவதுதான் உங்களுக்கு நடந்த சிகிச்சை. துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பின் முடிச்சுகளும் அதே இடத்தில் இருப்பதால், அவற்றிலும் கொஞ்சம் பட்டுவிடும். பிரேக் தளர்ந்த வண்டி மாதிரி நாடி 10, 15 கூடி நிற்கும். பலருக்குச் சில மாதங்களில் இறங்கும், சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் இருக்கும். சிகிச்சை பலிக்கவில்லை என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ஓய்விலேயே 100ஐத் தாண்டினால் மறுபடி ஈசிஜி, எக்கோ, ஹீமோகுளோபின், தைராய்டு எல்லாம் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஆறாவது வாரம் பழைய படபடப்பு ஒரு மணி நேரம் வந்து போனது. அவ்வளவுதானா?

பதில்: அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். சூடுபட்ட இடம் ஆறும்வரை இதயத்துக்குள் எரிச்சல் இருக்கும். முன்பு மூன்று மாதம் கழித்துத்தான் சிகிச்சை பலித்ததா என்று கணக்குப் பார்ப்பார்கள். 2024இல் வந்த சர்வதேச மருத்துவர்களின் பரிந்துரை அதை எட்டு வாரமாகக் குறைத்திருக்கிறது. ஆனாலும் வந்ததை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வயது 27. எஸ்.வி.டி.க்கு (சட்டென்று துடிப்பு வேகமெடுக்கும் கோளாறு) அப்லேஷன் ஆகி நான்கு மாதம். திடீரென்று நெஞ்சில் ஒரு துடிப்பு நின்று, அடுத்தது தூக்கிப்போடுகிறது. ஹோல்டரில் (உடம்பில் மாட்டி ஈசிஜி பதிவு செய்யும் கருவி) ஒன்றுமில்லை, மனசுதான் காரணம் என்கிறார்கள் அக்கா.

பதில்: தம்பி, ஹோல்டர் மாட்டியிருந்த 24 மணி நேரத்தில் அந்தத் துடிப்பு வந்ததா? வரவில்லை என்றால், அந்த நார்மலை வைத்து எதையும் சொல்ல முடியாது. நீங்கள் சொல்வது முந்திவரும் துடிப்பாக இருக்கலாம். அது முந்திவிடுவதால் பின்னால் ஓர் இடைவெளி விழும், அந்த நேரத்தில் இதயம் கூடுதலாக நிரம்பி அடுத்த அடி பலமாக விழும். எஸ்.வி.டி. சுழன்றுகொண்டிருந்த பாதை போய்விட்டாலும், அதைக் கிளப்பிவிட்ட இந்தத் துடிப்புகள் பலருக்குத் தொடரும். தொந்தரவுதான், பெரும்பாலும் ஆபத்தில்லை. சுவிட்ச் போட்டதுபோல் சட்டென்று வேகம் ஏறி, சட்டென்று நின்றால் அது வேறு கதை. ஈசிஜி எடுக்கும் வாட்ச் இருந்தால் அந்த நேரத்தில் 30 விநாடி பதிவு செய்து காட்டுங்கள். இல்லாவிட்டால் ஒரு வாரம், இரண்டு வாரம் மாட்டும் ஈசிஜி பேட்ச் கேளுங்கள். மயக்கம் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்கு அப்லேஷன் ஆகி மூன்று வாரம். காய்ச்சல், விழுங்கினால் நெஞ்சு வலி. பக்கத்து கிளினிக்கில் எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்க்கும் சோதனை) எழுதியிருக்கிறார்கள்.

பதில்: இவருக்குத் தனியாக உடனே பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். இதயத்தின் இடது மேலறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல் உணவுக்குழாய் போகிறது. சூடு அதையும் தாக்கி இரண்டுக்கும் நடுவே ஓட்டை விழலாம். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே வரும், வந்தால் உயிரை எடுக்கும். சிகிச்சைக்குப் பிறகு ஒரு வாரம் முதல் இரண்டு மாதம்வரை காய்ச்சல், விழுங்கும்போது வலி, நெஞ்சு வலி, வாய் கோணல், கை கால் தளர்ச்சி எது வந்தாலும், இதய அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அன்றே போங்கள். அப்லேஷன் தேதியை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எடுக்க வேண்டியது மருந்து செலுத்திய நெஞ்சு சி.டி. எண்டோஸ்கோபி கூடாது: உள்ளே ஊதும் காற்று ஓட்டை வழியாக இதயத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்குப் போகலாம்.

கேள்வி: இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுகிறது.

பதில்: வயிற்றுக்குப் போகும் வேகஸ் கிளைகளும் உணவுக்குழாயை ஒட்டித்தான் இறங்குகின்றன. அவை சோர்ந்தால் இரைப்பை மெதுவாகக் காலியாகும். பெரும்பாலும் தானாகச் சரியாகும். அதுவரை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். வாந்தி, எடை குறைவு என்றால் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி: துடிப்பை ஒழுங்குபடுத்தும் அமியோடரோன் மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் கை நடுக்கம், எடை குறைகிறது.

பதில்: தைராய்டு பார்த்தீர்களா? ஒரு 200 மி.கி. மாத்திரையில் சுமார் 75 மி.கி. அயோடின் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தினாலும் மருந்து கொழுப்பில் தங்கி மாதக்கணக்கில் வேலை செய்யும். டி.எஸ்.எச்., ஃப்ரீ டி4 இரண்டையும் இந்த வாரமே எடுங்கள். தைராய்டு ஏறினால் படபடப்பும் திரும்பும், பழியை அப்லேஷன் மேல் போட்டுவிடுவார்கள்.

கேள்வி: இப்போது படபடப்பே இல்லை. ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையை நிறுத்தலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தாதீர்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு அப்லேஷன் என்றால் குறைந்தது முதல் இரண்டு மாதம் எல்லோருக்கும் வேண்டும். அதற்குப் பிறகு வயது, பிரஷர், சுகர், முன்பு பக்கவாதம் வந்ததா என்பதைப் பார்த்து முடிவு செய்வார்கள். படபடப்பு தெரியாமலேயே ஃபிப்ரிலேஷன் வந்து போகும். இந்த வகையில் அசிட்ரோம் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். சோதனை பார்க்கும் தேதியையும் தள்ளிப்போட வேண்டாம்.