தெருமுனை பாரில் வாசிக்கும் குழுவை நேரில் கேட்பதில் என்ன இருக்கிறது?

கேள்வி: மூலப் பாடல் கைபேசியிலேயே இருக்கும்போது, அதை ஓர் உள்ளூர்க் குழு பாரில் திரும்ப வாசிப்பதைக் கேட்பதில் என்ன இருக்கிறது? அது பிறர் உழைப்பைத் திருடுவதாகாதா?

பெங்களூரு காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சிறிய பாரில் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்த குழுவில் ஆறு ஆண்டுகள் பேஸ் கிட்டார் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசித்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

திருட்டு என்ற ஐயத்துக்குச் சுருக்கமான விடை உண்டு. பிறர் பாடல்களை மேடையில் வாசிக்கும் உரிமத்தை 1969 இல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) அமைப்பு வழங்குகிறது, அந்தக் கட்டணத்திலிருந்து பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் பங்கு போகிறது. உரிமம் பெற்று நடத்துவது முறையானது. பெறாமல் நடத்துவது தவறு.

கேள்வியின் முதல் பகுதிதான் எனக்கு முக்கியம். பதிவான பாடல், கேட்பவர் யார், இடம் எது என்று அறியாது. எங்கள் வேலையோ அந்தப் பாடலை அந்த அறைக்கும் அன்றைய கூட்டத்துக்கும் பொருத்துவது. பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியை விரல் அழுத்தாமல் மீட்டினால் ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸ் ஒலி எழும். அதன் அலைநீளம் 8 மீட்டருக்குச் சற்று அதிகம். எங்கள் பாரின் நீளமும் ஏறக்குறைய அவ்வளவே என்பதால், அந்த ஒரு சுரம் மட்டும் சுவர்களுக்கிடையே பெருகி, கவுன்ட்டரில் கவிழ்த்து வைத்த கிளாஸ்களைக் கிணுகிணுவென்று அதிரவைக்கும். அந்தச் சுரம் வரும் இடங்களிலெல்லாம் ஒரு ஸ்தாயி மேலே வாசிக்கப் பழகிக்கொண்டேன். மாலை ஆறு மணிக்கு வெற்று அறையில் காதைக் குத்திய சிம்பலின் (டிரம்ஸில் உள்ள உலோகத் தட்டின்) ஓசை, ஒன்பது மணிக்கு ஆட்கள் நிறைந்ததும் அவர்களுடைய உடலிலும் உடையிலும் உறிஞ்சப்பட்டு மங்கிவிடும் என்பதால், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்சரில் மாலையில் வைத்த அளவு எதுவும் இரவில் செல்லாது. பாடகருக்குத் தொண்டை கட்டியிருந்தால் பாடல் முழுவதன் சுருதியையும் அரைக் கட்டை இறக்குவோம். இவ்வளவும் செய்த பிறகு அது வெறும் நகல் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவும் 1960 இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து மதுக்கூடங்களில் இரவிரவாகப் பெரும்பாலும் பிறர் பாடல்களை வாசித்தே தேறியது. 1963 இல் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் 14 பாடல்களில் 6 பிறர் எழுதியவை. பெரும் பெயர் பெற்ற குழு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கூட்டத்தை எதிரில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் வாசிக்கும்போது ஏற்படும் கைப்பழக்கத்துக்கு ஈடாக வேறொரு பயிற்சியும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு மழை இரவில், எல்லோரும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்த பல்லவியின் நடுவே மின்சாரம் போய்விட்டது. கிட்டாரும் கீபோர்டும் மைக்கும் ஒரே நொடியில் அடங்கின. டிரம்ஸ் வாசித்தவர் மட்டும் நிறுத்தவில்லை. இருட்டில் அவருடைய தாளத்தைப் பற்றிக்கொண்டு, கூட்டம் அந்தப் பல்லவியைத் திரும்பத் திரும்பப் பாடியது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கலாம். மின்சாரம் வந்ததும் நான் பழைய சுருதியிலேயே நுழையப் போனேன். கிட்டார் வாசித்த அண்ணன் கையைக் காட்டி என்னைத் தடுத்தார்; தலையைச் சாய்த்து ஒரு வரி முழுவதும் கூட்டத்தைக் கேட்டார். துணைக்கருவி இல்லாமல் உற்சாகத்தில் பாடியதில் அவர்கள் அரைக் கட்டை ஏறிவிட்டிருந்தார்கள். அவர் கிட்டாரின் கழுத்தில் இடது கையை ஒரே ஒரு கட்டம், அதாவது அரைக் கட்டை, மேலே நகர்த்தி என்னைப் பார்த்தார். நானும் நகர்த்தினேன். அடுத்த எடுப்பில் நாங்கள் இருவரும் அவர்களுடைய சுருதியில் சேர்ந்துகொண்டோம்.