ட்ரோன் நிறுவனம் தன் தயாரிப்பு வரிசை பற்றிய திட்டத்தைத் தெளிவாகச் சொல்லாதபோது வாடிக்கையாளர்கள் ஏன் கொதிக்கிறார்கள்?

தயாரிப்பு வரிசை என்பது ஒரே பெயரில் தொடர்ந்து வரும் மாடல்களையும் அவற்றுக்குரிய பேட்டரி, விசிறி, கைப்பேசிச் செயலி ஆகியவற்றையும் சேர்த்தே குறிக்கும். ஆகவே அந்த வரிசை தொடருமா என்பதை நிறுவனம் சொல்லாவிட்டால், ஏற்கெனவே வாங்கியவரும் மாட்டிக்கொள்கிறார். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் கோயில் திருவிழாக்களையும் கல்யாணங்களையும் வானிலிருந்து படம்பிடிப்பவருக்குப் பெரிய கவலை பேட்டரிதான்: லித்தியம் பாலிமர் பேட்டரி சும்மா வைத்திருந்தாலும் நாளடைவில் வலுவிழக்கும், வெப்பத்தில் உப்பவும் கூடும், வேறு நிறுவனத்தின் பேட்டரியோ பெரும்பாலும் பொருந்தாது. தோட்டத்தை விற்கப்போகிறார்களா என்று நிர்வாகம் வாய் திறக்காதபோது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டின் ஒழுகும் கூரையை மாற்றுவதா வேண்டாமா என்று குடும்பங்கள் தவிப்பதைப் போன்றது இது.

மௌனத்துக்கும் காரணம் உண்டு. நிறுத்தப்போவதாக அறிவித்தால் கடைகளில் கிடக்கும் சரக்கு விலைபோகாது. கேமரா தயாரிக்கும் கோப்ரோ நிறுவனம் 2016இல் கர்மா ட்ரோனை வெளியிட்டு, 2018 ஜனவரியில் ட்ரோன் தொழிலிலிருந்தே விலகுவதாக அறிவித்தபோது, வாங்கியவர்களுக்குச் சேவை தொடரும் என்றும் கூறியது. அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். அது முற்றிலும் நியாயமானது என்றே கருதுகிறேன்.

உற்பத்தி நின்ற அன்றே ட்ரோன் பறக்காமல் போய்விடும் என்று பலர் நினைப்பது சரியன்று. பேட்டரியும் செயலியும் ஒத்துழைக்கும் வரை அது பறக்கும்.