உரச்சாக்கில் சறுக்கிய மகள்: பெண்கள் பனிச்சறுக்குத் தாவல் பற்றி ஒரு தாயின் கேள்வி

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகள், குளிர்கால ஒலிம்பிக்கின் பெண்கள் பனிச்சறுக்குத் தாவல் போட்டிகளைக் கைப்பேசியில் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள். அதைப்போலவே செய்கிறேன் என்று உரச்சாக்கில் உட்கார்ந்து தோட்டச் சரிவில் சறுக்கி, முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். அதிக தூரம் தாவியவர் சில நேரம் ஏன் தோற்கிறார் என்று அவள் கேட்பதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. நம் மலையில் இருந்துகொண்டு இதைக் கற்க வழி உண்டா?

பதில்: முதல் வேலையாக உரச்சாக்கை எடுத்து ஒளித்து வையுங்கள். பனிச்சறுக்குத் தாவலில், ஸ்கை என்னும் நீண்ட சறுக்குப் பலகைகளைக் காலில் பூட்டி, உயர்ந்த மேடையில் சறுக்கி வந்து, அதன் முனையிலிருந்து தாவிப் பறக்கிறார்கள். போட்டிக்கான சரிவு, தாவுபவர் பறந்து இறங்கும் பாதையை ஒட்டியே தாழ்ந்து செல்லும்படி கணக்கிட்டு அமைக்கப்படுவது. அதனால் அவர் தரைக்கு மேலே சில மீட்டர் உயரத்திலேயே பறக்கிறார். கால் ஊன்றும்போது உடலில் விழும் அடி குறைகிறது. பிறகு சரிவு மெல்ல வளைந்து சமதளமாகி, வேகம் தணிய இடம் தருகிறது. தேயிலைச் சரிவின் அடியில் இருப்பதோ வடிகால் குழியும் கல்கட்டும். இடையில் கவாத்து வெட்டிய செடிகளின் கூர்முனைகள். சிராய்ப்போடு போனது உங்கள் நல்ல காலம்.

மகளின் கேள்விக்கான விடை, பெண்களுக்கு இப்போட்டி முதன்முதலாக நடத்தப்பட்ட 2014 சோச்சி ஒலிம்பிக்கிலேயே கிடைக்கிறது. (ஆண்களுக்கு இது 1924 முதல் உண்டு. 2010 வான்கூவர் போட்டியில் தங்களையும் சேர்க்க வேண்டும் என்று வீராங்கனைகள் நீதிமன்றம் வரை சென்றும் பலன் இல்லை.) சோச்சியில் ஜெர்மனியின் கரினா ஃபோக்ட் தம் இரு தாவல்களில் 103 மீட்டரும் 97.5 மீட்டரும் கடந்தார்; ஆஸ்திரியாவின் டேனியலா இராஷ்கோ-ஷ்டோல்ஸ் 98.5 மீட்டரும் 104.5 மீட்டரும் கடந்தார். கூட்டிப் பார்த்தால் இராஷ்கோவுக்கு இரண்டரை மீட்டர் அதிகம். ஆனால் 247.4 புள்ளிகளுடன் தங்கம் பெற்றவர் ஃபோக்ட். இராஷ்கோவுக்குக் கிடைத்தவை 246.2.

அந்தச் சரிவின் கணக்குத் தூரம், அதாவது புள்ளிகளைக் கணக்கிட அடிப்படையாக வைக்கும் தூரம், 95 மீட்டர். அதை எட்டினால் 60 புள்ளிகள். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் 2 புள்ளிகள் கூடும், குறைந்தால் அதே அளவு கழியும். ஆகவே தூரத்தில் மட்டும் இராஷ்கோ 5 புள்ளிகள் முன்னே இருந்தார். முடிவில் 1.2 புள்ளிகள் பின்தங்கினார் என்றால், தூரம் அல்லாத பிற கணக்குகளில், அதாவது நடுவர்கள் தரும் பாங்குப் புள்ளிகளிலும் காற்று முதலியவற்றுக்கான ஈட்டுப் புள்ளிகளிலும், அவர் 6.2 புள்ளிகளை விட்டிருக்கிறார் என்று பொருள். உங்கள் மகளே தாளில் போட்டுப் பார்க்கலாம்.

ஐந்து நடுவர்கள் ஆளுக்கு 20 வரை மதிப்பெண் இடுவார்கள். மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் நீக்கிவிட்டு மூன்றைக் கூட்டுவார்கள். அவர்கள் கூர்ந்து கவனிப்பது, ஒரு காலை முன்னும் மறுகாலைப் பின்னும் வைத்து, முழங்கால் மடங்கி, கைகளை விரித்து இறங்கும் டெலிமார்க் முறையை. சோச்சிக் காலத்து விதிப்படி, இரு கால்களையும் ஒருசேர ஊன்றிவிட்டால் ஒவ்வொரு நடுவரும் குறைந்தது 2 புள்ளிகளைக் கழித்தார். மூவருக்கு 6 என்றால், இத்தகைய சரிவில் 3 மீட்டர் பறந்த உழைப்பு போயிற்று.

காற்றின் கணக்கு சமவெளிக்காரர்களைக் குழப்பும், நமக்குக் குழப்பாது. நண்பகல் வேளையில் கோடநாடு காட்சிமுனையில் நின்றால், பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் காற்று சேலைத் தலைப்பைத் தூக்கி முகத்தில் அடிக்கும். அதே காற்றில் பருந்து சிறகை அசைக்காமல் மிதந்துகொண்டிருக்கும். கீழிருந்து வரும் எதிர்க்காற்று தாவுபவரையும் அப்படியே தாங்குவதால், அது வீசினால் புள்ளிகள் கழிக்கப்படுகின்றன. முதுகுப் பக்கக் காற்று அழுத்திக் கீழே தள்ளுவதால், அதற்குப் புள்ளிகள் கூட்டப்படுகின்றன.

இனி, கற்பதைப் பற்றி. இவ்விளையாட்டின் உயிர்நாடி சறுக்கும் துணிச்சலில் இருப்பதாகத் திரையில் தோன்றும். உண்மையில் அது மேடை முனையில் உந்தி எழும் நொடியில் இருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் குந்திய நிலையில் வருபவர், முனையைக் கடக்கும் கண நேரத்தில் முழு உடலையும் நிமிர்த்த வேண்டும். மேடை முனை மேல்நோக்கி வளைந்திருக்காது, கீழ்நோக்கியே சாய்ந்திருக்கும். எழும்புவது முழுக்கக் கால்களின் வேலை. சிறந்த வீராங்கனைகளும் இதை வெறுந்தரையில்தான் நாள்தோறும் பழகுகிறார்கள்: குந்தியிருந்து முன்னோக்கிப் பாய்பவரைப் பயிற்சியாளர் எதிரில் நின்று இடுப்பில் தாங்கி, தலைக்கு மேலே பிடித்து நிறுத்துவார். இதற்குப் பள்ளி அரங்கமும் ஒரு மெத்தையும் போதும். ஜிம்னாஸ்டிக்ஸ் கற்க வாய்ப்பு இருந்தால் இன்னும் நல்லது.

அதற்குப் பிறகான பாதை கடினம் என்பதை மறைக்க மாட்டேன். குளிர்கால ஒலிம்பிக்கின் இந்தப் பிரிவில் இந்தியாவிலிருந்து இதுவரை எவரும் பங்கேற்றதில்லை. காஷ்மீரின் குல்மார்க், உத்தராகண்டின் ஔலி போன்ற இடங்களில் அடிப்படைப் பனிச்சறுக்கைக் கற்கலாம். அதை முதலில் முடிக்காமல் தாவலைப் பற்றி நினைக்கவே கூடாது. தாவலுக்கு ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களுக்குத்தான் போக வேண்டும். அங்கே சிறுவர்கள் மிகச் சிறிய மேடைகளில் தொடங்கிப் படிப்படியாக ஏறுகிறார்கள். அவலாஞ்சியில் விழும் உறைபனி போதாதே என்று மகள் வருந்த வேண்டியதில்லை, ஏனெனில் பனியே இல்லாமலும் இது நடக்கிறது: 2023 ஐரோப்பிய விளையாட்டுப் போட்டியில் போலந்தின் ஸகோபனேயில் கோடைக்காலத்தில், பிளாஸ்டிக் விரிப்பின் மீது பெண்கள் தாவினார்கள். செலவும் தொலைவும் ஒத்துவராவிட்டால், சமதளத்தில் உந்தி ஓடும் கிராஸ்-கன்ட்ரி பனிச்சறுக்கை யோசிக்கலாம். பனி விழாத குடகிலிருந்து சென்று அதில் இந்தியாவுக்காக ஆடும் பவானி என்ற வீராங்கனை இருக்கிறார். சக்கரம் பொருத்திய ஸ்கைகளில் பழகலாம். ஆனால் நம் கொண்டை ஊசி வளைவுச் சாலைகளில் வேண்டவே வேண்டாம். பள்ளி மைதானம் போதும்.

எடை குறைந்தால் அதிகம் பறக்கலாம் என்று யாராவது சொன்னால் மகளின் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர் குட்டையான ஸ்கைகளையே பயன்படுத்த வேண்டும் என்பது விதி; ஸ்கை குட்டையானால் காற்று தாங்குவதும் குறையும். இவ்விளையாட்டில் முழங்கால் தசைநார்க் காயம் பெண்களை அதிகம் வாட்டுகிறது. சோச்சியில் ஒன்றாம் எண் அணிந்து முதலில் தாவிய அமெரிக்காவின் சாரா ஹெண்ட்ரிக்சன், அதற்குச் சில மாதங்கள் முன்புதான் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். ஆகையால் சிராய்ப்பு முழுதும் ஆறிய பிறகு தொடங்கட்டும். முதல் மாதம் முழுக்க, முழங்கால்கள் உள்நோக்கி ஒடுங்காமல் ஓசையின்றி இறங்குவதை மட்டும் ஒரு படிக்கட்டின் உயரத்திலிருந்து பழகட்டும். தாங்கிப் பிடிக்கும் பயிற்சியை, உடற்கல்வி ஆசிரியை அருகில் இல்லாமல் தோழிகளை வைத்துச் செய்துபார்க்க விடாதீர்கள்.