சாகும்போது சொன்னது

அன்புள்ள ஐயா,

மௌனப்படக் காலத்து ஹாலிவுட் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அதில் இயக்குநர் வில்லியம் டெஸ்மண்ட் டெய்லர் 1922-இல் கொல்லப்பட்டதை ஒரே வரியில் சொல்லி, "யார் சுட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது" என்று முடித்துவிட்டீர்கள். ஆனால் மார்கரெட் கிப்சன் என்ற பழைய நடிகை 1964-இல் சாகும்போது, தான்தான் அவரைச் சுட்டதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? "உயிர் போகிற நேரத்தில் எவனும் பொய் சொல்ல மாட்டான்" என்பார் என் தாத்தா. சாகக் கிடக்கும் ஒரு பெண் வலியப் போய்க் கொலைப்பழியை ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

எஸ்., தென்காசி

அன்புள்ள எஸ்.,

விட்டது என் சோம்பல்தான். அந்தக் கட்டுரை ஏற்கெனவே நீண்டுவிட்டது, கிப்சனைத் தொட்டால் இன்னும் நாலு பக்கம் போகும் என்று தாண்டிப் போய்விட்டேன். நீங்கள் கேட்டுவிட்டதால் இப்போது எழுதுகிறேன்.

முதலில் கொலை. 1922 பிப்ரவரி 2 காலை. லாஸ் ஏஞ்சலஸில் அல்வராடோ தெருவில் இருந்த பங்களா வீட்டுக்குள் வேலைக்காரர் வழக்கம்போல நுழைகிறார். கூடத்தில் டெய்லர் மல்லாந்து கிடக்கிறார். கைகால் நேராக, உடை கலையாமல். வேலைக்காரர் போட்ட கூச்சலில் கூட்டம் கூடுகிறது. கூட்டத்தில் ஒருவர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டு எட்டிப்பார்த்து, வயிற்றில் ரத்தக்கசிவு, இயற்கை மரணம் என்று அறிவித்துவிட்டுப் போய்விடுகிறார். அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. உடலைப் புரட்டிய பிறகுதான் முதுகில் குண்டு பாய்ந்திருப்பது தெரிகிறது. சட்டைப்பையில் 78 டாலர் அப்படியே இருக்கிறது, விரலில் வைர மோதிரமும் இருக்கிறது. ஆக, திருட வந்தவன் வேலை இல்லை. போலீஸ் வேலையைத் தொடங்குவதற்குள் ஸ்டுடியோ ஆட்கள் வந்து கடிதங்களையும் காகிதங்களையும் அள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு இந்த வழக்கில் தாங்க முடியாத இடம் இதுதான். விடை கிடைக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் அந்தக் காலைப்பொழுதிலேயே இருக்கிறது.

முதல் நாள் மாலை அவரைக் கடைசியாகப் பார்த்துவிட்டுப் போனவர் நகைச்சுவை நடிகை மேபல் நார்மண்ட். அவரைக் காரில் ஏற்றிவிட்டு டெய்லர் வீட்டுக்குள் திரும்பினார். கொஞ்ச நேரத்தில் ஏதோ வெடித்த மாதிரி ஒரு சத்தம். பக்கத்து வீட்டுப் பெண்மணி எட்டிப்பார்க்கிறார். டெய்லர் வீட்டிலிருந்து ஒருவர் வெளியே வந்து, அவசரமே இல்லாமல் நடந்து போகிறார். சினிமாவில் வரும் திருடன் மாதிரி இருந்தார் என்றார் அந்தப் பெண்மணி. ஆண்வேடம் போட்ட பெண்ணாகவும் இருக்கலாம் என்ற பேச்சு அதிலிருந்துதான் கிளம்பியது. நார்மண்ட் மேல் சந்தேகம், டெய்லருக்குக் காதல் கடிதம் எழுதிய இளம் நடிகை மேரி மைல்ஸ் மின்டர் மேல் சந்தேகம், மின்டரின் அம்மா மேல் அதைவிடப் பெரிய சந்தேகம். பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். கடைசிவரை யார் மீதும் வழக்கு நடக்கவில்லை. இரண்டு நடிகைகளின் வாழ்க்கை மட்டும் சரிந்து போனது.

இந்தப் பட்டியலில் 1922-இல் மார்கரெட் கிப்சன் என்ற பெயரே கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிப்சன் 1894-இல் கொலராடோவில் பிறந்தவர். அப்பா குடும்பத்தை விட்டுப் போனதும் பன்னிரண்டு வயதிலேயே மேடையேறிச் சம்பாதித்து அம்மாவைக் காப்பாற்றினார். பிறகு வைட்டாகிராஃப் கம்பெனிப் படங்கள். அங்கேதான் 1914-இல் டெய்லருடன் சேர்ந்து நடித்தார். டெய்லர் அப்போது நடிகர், இயக்குநராகப் பேர் வாங்கியது பிறகுதான். அவரும் அப்பழுக்கில்லாத ஆள் இல்லை. அயர்லாந்தில் பிறந்தவர், சொந்தப் பெயர் டீன் டேனர். நியூயார்க்கில் பழம்பொருள் கடை வைத்திருந்தவர், 1908-இல் ஒருநாள் மனைவியையும் சின்ன மகளையும் விட்டுக் காணாமல் போனார். பத்து வருடம் கழித்து மகளுடன் படம் பார்க்கப் போன மனைவி, திரையைக் காட்டி "அதோ உன் அப்பா" என்றாராம். பெயரை மாற்றிக்கொண்டு பழசை அழித்துவிடலாம் என்று (டெய்லர் முன்பே, கிப்சன் பிற்பாடு) நம்பிய இரண்டு பேர் ஒரே கேமராவுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்த இடம், நிரூபணம் ஒன்றும் இல்லை.

1917-இல் கிப்சனை லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் ஒரு வீட்டில் வைத்துக் கைது செய்தது. விபச்சாரம், அபின் என்று பேச்சு. ஒரு பாத்திரத்துக்காக அந்தச் சூழலைத் தெரிந்துகொள்ளப் போனேன் என்பது அவர் தரப்பு. ஜூரி விடுவித்துவிட்டது. விடுதலை கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. அதனால் புதுப்பெயர் வைத்துக்கொண்டார்: பாட்ரீஷியா பால்மர். வேடங்கள் சிறுத்தாலும் நடித்துக்கொண்டே இருந்தார். 1923 நவம்பரில் மறுபடியும் கைது. ஊர் ஊராக ஆட்களை மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பலில் இருந்தார் என்று குற்றச்சாட்டு. அதுவும் கைவிடப்பட்டது. 1929-உடன் சினிமா முடிந்தது. 1935-இல் சிங்கப்பூரில் எண்ணெய்க் கம்பெனி ஊழியர் ஒருவரை மணந்துகொண்டார். 1940-இல் வைத்தியத்துக்காக லாஸ் ஏஞ்சலஸ் திரும்பினார். கணவர் போர்க்காலத்தில் ஆசியாவிலேயே இறந்துபோனார். கம்பெனி கொடுத்த சின்ன பென்ஷனில் ஹாலிவுட் மலைச்சரிவில் ஒரு வீட்டில் தனியாக இருந்தார். அக்கம்பக்கத்தில் அவர் பெயர் பாட் லூயிஸ். முன்னாள் நடிகை என்பதுகூட அங்கே யாருக்கும் தெரியாது.

1964 அக்டோபர் 21, மாரடைப்பு. பக்கத்து வீட்டு அம்மாவும் அவர் மகனும் ஓடிவருகிறார்கள். சமையலறைத் தரையில் கிடக்கிறார். கத்தோலிக்கத்துக்கு மாறியிருந்தவர், பாதிரியாரைக் கேட்கிறார். அந்தத் தரையில் கிடந்தபடியே சொல்கிறார்: நான் மௌனப்பட நடிகை, வில்லியம் டெஸ்மண்ட் டெய்லரைச் சுட்டுக் கொன்றேன், பிடிபடப் பார்த்தேன், நாட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. கேட்டவர்களுக்கு டெய்லர் யாரென்றே தெரியாது. மகன் பிற்காலத்தில் சொல்லி, 1990-களின் கடைசியில்தான் விஷயம் வெளியே வந்தது. இன்னொன்றும் சொன்னார்கள். அதற்கு முன்பே டெய்லர் கொலை பற்றித் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி வந்தபோது, அந்த அம்மாவின் முன்னால் கிப்சன் நிலைகொள்ளாமல் கத்தியிருக்கிறார். நான்தான் கொன்றேன், எல்லாரும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்திருந்தேன் என்று.

சரி, உங்கள் தாத்தாவிடம் வருகிறேன். அவர் சொன்னதைத்தான் சட்டமும் நம்பியது. மரண வாக்குமூலத்துக்கு மதிப்பு வந்ததே அந்த நம்பிக்கையில்தான். ஆனால் 1872-இல் (டெய்லர் பிறந்த அதே வருடம்) வந்து 2024 வரை நடப்பில் இருந்த நம் சாட்சியச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். சாகிறவர் தன் சாவு எப்படி நேர்ந்தது என்று சொன்னால்தான் அது மரண வாக்குமூலம். நாற்பது வருடத்துக்கு முன் இன்னொருவரைக் கொன்றேன் என்றால் அந்தக் கணக்கில் வராது. அமெரிக்காவிலும் பழைய விதி இதேதான். மிச்சம் இருப்பது நீதிமன்றத்துக்கு வெளியே சொன்ன ஒப்புதல். அது பலவீனமான சாட்சியம், துணைக்கு வேறு ஏதாவது வேண்டும். கிப்சனுக்கு எதிராகத் துணை எதுவும் இல்லை. துப்பாக்கி கிடைக்கவில்லை, போலீஸிடம் இருந்த தடயங்களிலும் பல தொலைந்துவிட்டன.

அவர் சொன்னதே சரியாகப் பொருந்தவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய இடறல். பிடிபடப் பார்த்தேன், ஓடினேன் என்கிறார். கொலை 1922-இல். 1923-இல் அவர் கைதானது லாஸ் ஏஞ்சலஸில், சொந்த வீட்டில். 1929 வரை அங்கேயே நடிக்கிறார். நாட்டை விட்டுப் போனது அதற்கும் பல வருடம் கழித்து. கொலைக்குப் பயந்து பன்னிரண்டு வருடம் கழித்தா ஓடுவார்கள்?

அப்படியானால் பொய்யா? அதுவும் என் வாயில் வரவில்லை. என் பெரிய அத்தை சாகக் கிடந்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். எண்பது தாண்டிய உடம்பு. ஸ்பூனில் விட்ட தண்ணீர் கடைவாயில் வழிந்துகொண்டிருந்தது. திடீரென்று அப்பாவின் கையைப் பிடித்து, "பெரிய தம்பிய நான்தான்டா கொன்னேன். இதச் சொல்லாமப் போனா என் கட்ட வேகாது" என்றார். அப்பாவுக்கு மூத்தவர் ஒருவர் இரண்டு வயதில் விஷக்காய்ச்சலில் போனது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்று ராத்திரி நெற்றியில் ஈரத்துணி மாற்றிப் போடும் வேலையை ஒன்பது வயது அத்தையிடம் விட்டிருக்கிறார்கள். அத்தை கண்ணயர்ந்துவிட்டார். எழுந்து பார்த்தபோது துணி காய்ந்து கிடந்ததாம். அதை இரண்டு மூன்று தடவை சொன்னார், துணி காய்ந்து கிடந்தது, துணி காய்ந்து கிடந்தது என்று. அப்பா ஒன்றும் வாதாடவில்லை. "சரிக்கா, விடு" என்றார்.

அத்தை சொன்னது பொய் இல்லை, நடந்ததும் கொலை இல்லை. உங்கள் தாத்தாவோடு நான் வேறுபடுவது இவ்வளவுதான். கிப்சன் விஷயத்தில் காய்ச்சல் எது, கண்ணயர்ந்தது எது என்று பிரித்துச் சொல்ல ஆள் இல்லை. மிரட்டிப் பணம் பறித்த கும்பலோடு அவருக்குத் தொடர்பு இருந்திருந்தால், டெய்லரின் மறைந்துபோன பழைய வாழ்க்கை அவர்களுக்கு நல்ல சரக்கு. மிரட்டப் போன இடத்தில் வேறு யாரோ சுட்டிருக்கலாம், இவர் வீட்டைக் காட்டிக்கொடுத்திருக்கலாம், அல்லது உண்மையாகவே இவர் கையில் துப்பாக்கி இருந்திருக்கலாம். இதெல்லாம் என் ஊகம். அவர் எதையோ சுமந்துகொண்டிருந்தார் என்பதை நம்புகிறேன். அந்தத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அப்படிக் கத்துவதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

அதனால் "தெரியாது" என்ற வரியை நான் மாற்றவில்லை. ஆனால் அதற்குக் கீழே கிப்சனின் ஒப்புதலைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிட்டேன். எந்தப் பெயரில் சேர்ப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன். பால்மர் என்றா, கடைசியில் இருந்த லூயிஸ் என்றா? டெய்லருடன் நடித்தபோது இருந்த பெயரிலேயே போட்டிருக்கிறேன்.

அன்புடன்