கீமோவுக்கு முன்னால் மூன்று வாரம்

கேள்வி: எனக்கு 42 வயது. ஊரில் சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். இடது மார்பில் இருந்த கட்டி புற்றுநோய் என்று தெரிந்து, போன மாதம் மார்பு முழுவதையும் அக்குளில் உள்ள நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். நீர் வடிய வைத்திருந்த டியூபையும் எடுத்தாயிற்று. இன்னும் மூன்று வாரத்தில் கீமோ தொடங்க வேண்டுமாம். மூன்று வாரத்துக்கு ஒன்றாக நான்கு ‘ஏசி’, அப்புறம் வாராவாரம் பன்னிரண்டு ‘பாக்லி’ என்று சீட்டில் எழுதியிருக்கிறது. ரிப்போர்ட்டில் ‘இ.ஆர். பாசிட்டிவ்’ என்று பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. முட்டை, கறி கூடாது என்கிறார் மாமியார். முள்சீத்தா சாப்பிட்டால் கீமோவே தேவையில்லை என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணன். தீபாவளி ஆர்டர் எடுக்கலாமா என்றும் தெரியவில்லை. ப்ளஸ் டூ படிக்கும் மகளிடம் ‘சாதாரணக் கட்டி’ என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். இந்த மூன்று வாரத்தில் நான் என்ன செய்ய வேண்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்த ‘பாசிட்டிவ்’. கீமோ வார்டில் இருபத்து மூன்று வருடம் செவிலியராக இருந்தவள் நான். இந்த ஒரு சொல்லைப் பார்த்து அழுத பெண்கள் எத்தனையோ பேர். கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்றால் கெட்ட செய்தி. அந்தப் பழக்கத்தில் இதையும் அப்படியே படித்துவிடுகிறோம். இங்கே அதற்குப் பொருள் வேறு. உங்கள் கட்டி வளர்வதற்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சார்ந்திருந்தது என்கிறார்கள், அவ்வளவுதான். அந்த வழியை அடைப்பதற்கு டமாக்சிஃபென் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. கீமோ முடிந்த பிறகு ஐந்து வருடமோ அதற்கு மேலோ அதைச் சாப்பிடச் சொல்வார்கள். உங்களுக்குக் கூடுதலாக ஒரு ஆயுதம் இருக்கிறது என்று அந்த வரியைப் படியுங்கள்.

அதே தாளில் ‘ஹெர்2’ என்று இன்னொரு வரி இருக்கும். சிலருடைய கட்டியில் அதிகமாக இருக்கும் ஒரு புரதம் அது. அதைப் பாருங்கள். பூஜ்யம் அல்லது 1+ என்றால் இல்லை, 3+ என்றால் உண்டு. 2+ என்று இருந்தால் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள். ‘ஃபிஷ்’ என்ற இன்னொரு பரிசோதனை செய்ய வேண்டும். ஹெர்2 உண்டு என்றால் டிராஸ்டுசுமாப் என்ற ஊசியும் சேரும், அது ஒரு வருடம் போகும். ஃபிஷ் முடிவு வரச் சில நாள் ஆகும் என்பதால், 2+ ஆக இருந்தால் அது அனுப்பப்பட்டதா என்று இந்த வாரமே டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்து, உங்கள் இடது கை. வலிக்குப் பயந்து கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்வதுதான் எல்லோரும் செய்வது. நெறிக்கட்டிகளை எடுத்திருப்பதால் அக்குளில் இழுக்கும், மேல் கையின் உள்பக்கம் மரத்துப்போன மாதிரி இருக்கும், சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை கயிறு கட்டி இழுப்பது போலத் தோன்றும். இதெல்லாம் வழக்கம்தான். ஆனால் கையை அப்படியே விட்டுவிட்டால் தோள் இறுகிவிடும். கீமோவுக்குப் பிறகு உங்களுக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கச் சொன்னால், இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வைத்தபடி மேசையில் அசையாமல் படுக்க வேண்டும். கை மேலே போகாமல் கரண்ட் தள்ளிப்போன பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் சரி என்றதும் கைக்கான பயிற்சியை அன்றே தொடங்குங்கள். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, இடது கை விரல்களால் எறும்பு ஏறுவது போல மெதுவாக மேலே ஏறுங்கள். இழுக்கும் இடம் வரை போங்கள், சுரீரென்று வலித்தால் நிறுத்துங்கள். உங்களிடம்தான் தையல் சாக்பீஸ் இருக்கிறதே, எட்டிய இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். காலை, மதியம், இரவு மூன்று வேளை. அடுத்த வாரம் அந்தக் கோடு எங்கே இருக்கிறது, விரல் எங்கே இருக்கிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

தையல் வேலையில் இடது கைதான் துணியை ஊசிக்குக் கீழே நகர்த்துகிறது. ஊசி குத்தினால் அதே கையில்தான் குத்தும். நெறிக்கட்டி எடுத்த பக்கத்தில் சின்னக் காயம்கூடச் சீழ் வைக்கலாம், கை வீங்கலாம், அந்த வீக்கம் பிறகு நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். கையால் தைக்கும்போது விரலுக்குக் கவசம் மாட்டிக்கொள்ளுங்கள். குத்திவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து போடுங்கள். கனமான இஸ்திரிப் பெட்டியை வலது கையால் பிடியுங்கள். ஊசி போடவோ, ரத்தம் எடுக்கவோ, பி.பி. பார்க்கவோ யார் வந்தாலும் வலது கையை நீட்டுங்கள்.

ஆனால் பதினாறு தடவையும் வலது கை நரம்பிலேயே ஏற்ற முடியுமா? இது பலர் கேட்க மறக்கும் கேள்வி. ஏசி என்பது இரண்டு கீமோ மருந்துகள் சேர்ந்தது. அதில் ஒன்று சிவப்பு மருந்து. அது நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சதையைப் புண்ணாக்கிவிடும். மருந்து ஏற்றுவதற்கென்றே நெஞ்சில் தோலுக்கு அடியில் வைக்கும் ‘போர்ட்’ என்ற சின்னக் கருவியை வைத்துக்கொள்ளலாமா என்று கீமோவுக்கு முன்பே கேளுங்கள். கை நரம்பிலேயே ஏற்றுவதானால், ஏறும்போது எரிச்சலோ வலியோ லேசாக வந்தாலும் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தொந்தரவு கொடுக்கிறோமே என்று பொறுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மருந்து போட்ட அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும், அது மருந்தின் நிறம்தான், ரத்தம் இல்லை.

அந்தச் சிவப்பு மருந்து இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் முன்னால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுப்பார்கள். ஹெபடைட்டிஸ் பி உள்ளிட்ட ரத்தப் பரிசோதனைகளும் இருக்கும். நீங்களாகச் செய்ய வேண்டியது பல் டாக்டரைப் பார்ப்பது. சொத்தைப் பல் இருந்தால், பிடுங்கிய புண் ஆறுவதற்கு நேரம் வேண்டும், ஆகவே இந்த வாரமே போங்கள். சர்க்கரை இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள், வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கும் ஸ்டீராய்டு அதை ஏற்றும். இன்னொன்று, கீமோவால் மாதவிடாய் நின்றுவிட்டாலும் கரு தங்காது என்று நினைக்க வேண்டாம். இந்தக் காலத்தில் கர்ப்பம் கூடாது, கருத்தடை மாத்திரையும் உங்களுக்குக் கூடாது. காப்பர்-டி போன்ற வழியைக் கேளுங்கள்.

இப்போது நான் மிகவும் அழுத்திச் சொல்ல வருவது. உங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, பூஜை அறையிலோ, ஃபிரிட்ஜ் மேலேயோ, எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஏசி போட்ட ஏழாவது நாளிலிருந்து பதினான்காவது நாள் வரை ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் வெகுவாகக் குறைந்திருக்கும். அப்போது வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் கிடையாது. என் வார்டுக்கு வந்த ஒரு அம்மாவுக்கு இரவு பத்து மணிக்குக் குளிர் எடுத்திருக்கிறது. வீட்டில் இருந்த பாராசிட்டமால் போட்டார்கள், வியர்த்தது, சூடு இறங்கியது. காலையில் போகலாம் என்று எல்லோரும் தூங்கிவிட்டார்கள். காலையில் கொண்டுவந்தபோது எங்களால் அவருக்கு பி.பி. பார்க்கவே முடியவில்லை. ஒன்பது நாள் ஐ.சி.யு.வில் கிடந்து பிழைத்தார். அவர் மகன் என்னிடம் வந்து, “மாத்திரை போட்டதும் சரியாயிடுச்சுன்னு நினைச்சோம் சிஸ்டர்” என்று திரும்பத் திரும்பச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பையன் மேல் தப்பில்லை. அவனுக்கு யாரும் முன்னாடி சொல்லவில்லை.

ஆகவே இதை உங்கள் கணவரும் மகளும் மாமியாரும் மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளட்டும்: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால், எந்த நேரமானாலும் ஆஸ்பத்திரி. அந்த அளவைத் தாண்டாவிட்டாலும் குளிர் நடுக்கம் எடுத்தால் போக வேண்டியதுதான். டாக்டர் சொல்லாமல் காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ராத்திரியில் யாருடைய வண்டி, எந்த ஆஸ்பத்திரி, எந்த எண்ணுக்குப் போன் என்பதை இந்த மூன்று வாரத்தில் முடிவு செய்து சுவரில் ஒட்டுங்கள். போனதும் முதல் வாக்கியமே “கீமோ போட்டிருக்கோம், இன்னைக்கு இத்தனாவது நாள், காய்ச்சல்” என்று இருக்கட்டும். அதைக் கேட்டால் உங்களை வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

மாமியார் சொல்வது அக்கறையில்தான். ஆனால் அறுவைப் புண் ஆறவும், ரத்த அணுக்கள் திரும்ப ஊறவும் புரதம் வேண்டும். முட்டையை நன்றாக வேகவைத்து தினமும் சாப்பிடலாம். மீன், கோழி, பருப்பு, சுண்டல் எல்லாம் சாப்பிடலாம். அரைவேக்காடு வேண்டாம், வெளியே வெட்டி வைத்து விற்கும் பழம் வேண்டாம். பழைய சோற்றை இந்த ஆறு மாதம் ஒத்திவையுங்கள். “வெந்தது, சூடானது, வீட்டில் செய்தது” என்று மாமியாரிடம் பொறுப்பைக் கொடுங்கள், அவருக்கும் ஏதாவது செய்கிறோம் என்று இருக்கும்.

முள்சீத்தா விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களை அதன் சாறு கொன்றது உண்மை. மனிதர்களின் புற்றுநோயை அது குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. அதில் நரம்பு மண்டலத்தைக் கெடுக்கும் பொருளும் இருக்கிறது. இலைக் கஷாயம், பொடி, மாத்திரை எதுவும் வேண்டாம். வேறு நாட்டு மருந்து எதையாவது ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். திட்டுவார்களோ என்று மறைத்து, கல்லீரல் கெட்டுக் கீமோ தள்ளிப்போன கதைகள் எனக்குத் தெரியும். அறுவைக்குப் பிறகு கீமோ அதிகம் தள்ளிப்போவது நல்லதில்லை.

தீபாவளி ஆர்டர் எடுங்கள், ஆனால் பாதி எடுங்கள். ஒவ்வொரு ஏசிக்கும் பிறகு வரும் மூன்று வாரத்தில் முதல் நான்கைந்து நாள் சோர்வும் குமட்டலும் இருக்கும். இரண்டாவது வாரம் கடையில் கூட்டத்தோடு உட்காரக் கூடாது. மூன்றாவது வாரம்தான் உங்களுடையது. அளவு ஜாக்கெட் கொண்டுவருபவர்களிடம் மட்டும் வாங்குங்கள், யாரையும் பக்கத்தில் நிறுத்தி அளவெடுக்கும் வேலை மிச்சம். பிறகு பாக்லி, அதாவது பாக்லிடாக்சல் மருந்து, தொடங்கியதும் விரல் நுனியைக் கவனியுங்கள். மரத்துப்போனாலோ, ஊசியில் நூல் கோக்க வழக்கத்தைவிடத் தடுமாறினாலோ அடுத்த கீமோ ஊசிக்கு முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கவோ இடைவெளி விடவோ முடியும். தையல்காரர் என்பதையும் சொல்லுங்கள். விரல்தான் உங்கள் பிழைப்பு என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

பணத்துக்கு: வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை எடுங்கள், குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை இருக்கிறது. சிகிச்சைக்கு ரயிலில் போனால் புற்றுநோயாளிக்குக் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும்.

கடைசியாக உங்கள் மகள். பதினேழு வயதுப் பெண், வீட்டில் கையில் போனோடு இருக்கிறாள். உங்கள் ரிப்போர்ட் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும் என்றே நான் நினைக்கிறேன். தெரியாது என்றாலும், முதல் கீமோ முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் தலைமுடி கொத்துக் கொத்தாக வரும். அப்போது குளியலறை வாசலில் நின்று அவள் தெரிந்துகொள்வதைவிட, இப்போது உங்கள் வாயால் கேட்பது நல்லது. “எனக்கும் வருமா அம்மா” என்று கேட்பாள். மார்பகப் புற்றுநோயில் பெரும்பாலானவை பரம்பரையாக வருவதில்லை, நூற்றில் ஐந்து முதல் பத்து வரைதான் அப்படி. உங்களுக்கு 50 வயதுக்குள் வந்திருப்பதால் மரபணுப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள், அவளுக்குச் சொல்ல ஒரு பதில் இருக்கும். பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். பரீட்சை வரும்போது உங்கள் கீமோவும் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சொல்லிவிட்டு அன்றைக்கே கடையில் மீந்த காட்டன் துணியை எடுங்கள். முன்பக்கம் பொத்தான் வைத்து, போர்ட் வைத்தாலும் கழற்றாமல் ஊசி போடுகிற மாதிரி இரண்டு நைட்டி தைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மூன்று தொப்பி. முடி இல்லாத தலையில் தையல் உறுத்தும், ஆகவே தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி தையுங்கள். இஞ்ச் டேப்பை மகள் கையில் கொடுத்து, உங்கள் தலைக்கு அவளையே அளவெடுக்கச் சொல்லுங்கள்.