ஒன்றும் செய்யாது

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் ராட்வைலர் நாய் வளர்க்கிறார். தினமும் காலையில் பக்கத்துப் பூங்காவுக்குச் சங்கிலி இல்லாமல் அழைத்து வருகிறார். குழந்தைகள் பயப்படுகிறார்கள் என்று சொன்னால், "ஒன்றும் செய்யாது சார்" என்கிறார். சட்டப்படி இதற்கு என்ன வழி?
– ஒரு வாசகர், பெரம்பூர், சென்னை.

பதில்: சட்டம் உங்கள் கேள்வியின் கடைசி வரியில்தான் வருகிறது. அதற்கு முந்தைய வரியிலுள்ள 'ஒன்றும் செய்யாது' என்ற இரண்டு சொற்களைக் கடந்து அங்கே போக எனக்கு மனம் வரவில்லை. சாதி, மதம், கட்சி, வருமானம் என்ற வேறுபாடு எதுவுமின்றி, நாய் வளர்க்கும் தமிழர் அனைவரும் மனப்பாடமாக வைத்திருக்கும் வாக்கியம் அது. அதில் எழுவாய் இல்லை என்பதைக் கவனித்தீர்களா? எது ஒன்றும் செய்யாது? நாய் அஃறிணை, சட்டமும் அஃறிணை, மாநகராட்சி, காவல் நிலையம், குடியிருப்போர் நலச் சங்கம் ஆகியவையும் அஃறிணையே. இந்த ஐந்தில் எதை எழுவாயாக வைத்தாலும் வாக்கியத்தில் இலக்கணப் பிழை வராது. அவர் நாயைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். மற்ற நான்கையும் மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கவும் கூடும்.

அதே மனிதர் வீட்டுக்குள் பேசுவதைக் கேட்டால் இன்னொன்றும் விளங்கும். அங்கே 'அவன் இன்னும் சாப்பிடவில்லை', 'அவனுக்கு ஏசி இல்லாமல் தூக்கம் வராது' என்றுதான் பேச்சு நடக்கும். வாசலைத் தாண்டி, யாராவது முகம் சுளித்த மறுகணமே 'அவன்' போய் 'அது' வந்துவிடும். இதற்கு முன் ஒருமுறை, பூனையை 'அவள்' என்று எழுதலாமா என்று கேட்ட வாசகிக்குத் தாராளமாக எழுதலாம் என்று இதே பக்கத்தில் பதில் சொன்னேன். ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் அதைக் கண்டித்து நான்கு பக்கக் கடிதம் அனுப்பினார். அவருக்கு நான் பட்ட கடனை இங்கேயே தீர்த்துவிடுகிறேன்: ஐயா, பசுவைப் பார்த்து 'என் அம்மை வந்தாள்' என்று சொல்வதை நம் இலக்கணக்காரர்களே வழுவமைதியாக, அதாவது பிழையானாலும் காரணத்தோடு ஒப்புக்கொள்ளத்தக்கதாக, ஏற்றிருக்கிறார்கள். உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல் (சினம்), இழிப்பு என்று திணை மாறுவதற்கான காரணங்களையும் வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். வழக்கு வந்துவிடுமோ என்ற அச்சத்தினால் உயர்திணை மீண்டும் அஃறிணையாவதை மட்டும் அவர்கள் சேர்க்கவில்லை. அக்காலத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு இல்லை.

சட்டத்துக்கு வருகிறேன். நாய் அவனா, அதுவா என்பதில் சட்டத்துக்கு அக்கறை கிடையாது. அது பார்ப்பது சங்கிலியின் மறுமுனையில் இருக்கவேண்டிய ஆளை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலையில், அதைத் தடுக்கப் போதுமான ஏற்பாட்டைத் தெரிந்தோ கவனக்குறைவாலோ செய்யாமல் விடுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக இருந்ததுதான், அபராத உச்சவரம்பு மட்டும் 1,000 ரூபாயிலிருந்து உயர்ந்திருக்கிறது. நீங்கள் அடிக்கோடிட வேண்டிய இடம் ஒன்று உண்டு. நாய் கடித்திருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு எங்கும் கேட்கவில்லை. தடுக்க வேண்டியவர் தடுக்காமல் விட்டதே குற்றம். 'கடித்தால் பார்க்கலாம்' என்று புகாரைத் திருப்பி அனுப்பும் அதிகாரியும், 'இதுவரை யாரையும் கடித்ததில்லை' என்று வாதிடும் உரிமையாளரும் அந்தப் பிரிவை முழுதாகப் படிக்கவில்லை என்றே பொருள். அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், 'ஒன்றும் செய்யாது' என்பது நாயின் தரப்பு வாதம்; பிரிவு கேட்பது 'நீ என்ன செய்தாய்' என்பதை.

சென்னையில் இதற்கு மேல் மாநகராட்சியின் விதிகளும் உள்ளன. வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றோடு ஆண்டுதோறும் உரிமம் பெற வேண்டும்; கட்டணம் 50 ரூபாய், அதாவது ஒரு வடை, காபி விலை. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பகுதியிலுள்ள மாநகராட்சிப் பூங்காவில், அங்கேயே தங்கிக் காவல் வேலை பார்த்தவரின் ஐந்து வயது மகளை இரண்டு ராட்வைலர் நாய்கள் குதறிய பிறகுதான், அப்படியொரு உரிமம் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிய வந்தது. பிறகு, நாயை அடையாளம் காண அதன் உடலில் பொருத்தும் மைக்ரோசிப் வந்தது. உரிமமில்லாத நாய்க்கு 5,000 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பு வந்தது. உரிமம் பெறுவதற்கான கெடு தள்ளித் தள்ளிப் போயிற்று. 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் இனிப் புதிய உரிமம் இல்லை என்றும், மீறினால் ஒரு லட்சம் ரூபாய் அபராதம் என்றும், ஏற்கெனவே உரிமம் பெற்றவர்கள் வெளியே வரும்போது சங்கிலியும் வாய்மூடியும் கட்டாயம் என்றும் மாநகராட்சி முடிவெடுத்தது. ஆகவே, உங்கள் அண்டைவீட்டுக்காரர் உரிமம் வைத்திருந்தாலும் சங்கிலி இல்லாமல் பூங்காவுக்குள் வந்தால் விதியை மீறியவரே.

இனப் பட்டியல் போடும் இந்த வழக்கத்தின் மீது எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 நாய் இனங்களைப் பட்டியலிட்டு, அவற்றைத் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. சம்பந்தப்பட்டவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்று கர்நாடக, தில்லி உயர் நீதிமன்றங்கள் ஏப்ரலில் அதைத் தள்ளிவிட்டன. மே மாதம் தமிழக அரசும் ஒரு தடையாணை வெளியிட்டு, வந்த வேகத்திலேயே திரும்பப் பெற்றது. பட்டியல் தயாரிக்க ஒரு தட்டச்சர் போதும். காலை ஆறு மணிக்குப் பூங்கா வாசலில் நின்று, சங்கிலி எங்கே என்று கேட்க ஆள் வேண்டும். அந்த ஆளை நியமிக்காத வரையில் பட்டியலில் இரண்டு இனம் இருந்தால் என்ன, இருபத்து மூன்று இருந்தால் என்ன?

உங்கள் சங்கச் செயலாளர் பொதுக்குழுவைக் கூட்டி, 'இக்குடியிருப்பில் நாய் வளர்க்கக் கூடாது' என்று தீர்மானம் போடக் கிளம்பினால் தடுத்துவிடுங்கள். பெரும்பான்மை வாக்கு இருந்தாலும் சங்கம் அப்படித் தடை விதிக்க முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015லேயே வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. பொது இடத்தில் சங்கிலி கட்டுங்கள், அசுத்தத்தை அள்ளுங்கள் என்று கேட்க மட்டும் உங்களுக்கு முழு உரிமை உண்டு. தெருநாய்களைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டிலும் நவம்பரிலும் பிறப்பித்த ஆணைகளை யாராவது நடுவில் இழுத்தால், அது வேறு வழக்கு என்று சொல்லி உட்கார வையுங்கள்.

'ஒன்றும் செய்யாது' என்ற வாக்கியம் ஆளைக் கொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. என் சிறுவயதில் பக்கத்துவீட்டு நாய் என் கெண்டைக்காலைப் பதம் பார்த்தபோது, அதன் உரிமையாளர் மஞ்சள்தூளோடு வந்து, 'வீட்டு நாய்தானே, ஒன்றும் செய்யாது' என்றார். என் பாட்டி அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தொப்புளைச் சுற்றி ஊசி போட அழைத்துப் போனதால்தான் இந்தப் பக்கத்தை நான் எழுதிக்கொண்டிருக்கிறேனோ என்னவோ. வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் அனேகமாக யாரும் பிழைப்பதில்லை. வளர்ப்பு நாயாயினும், பல் பட்டுக் கீறிய காயமாயினும், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இப்போது ஊசி தொப்புளில் இல்லை, தோளில்தான்.

உங்கள் வழி இது: தேதி, நேரத்தோடு நாலைந்து நாள் படம் எடுங்கள். மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் செய்து பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காவல் நிலையத்துக்கு எழுதும் மனுவில் 291ஆம் பிரிவைக் குறிப்பிடுங்கள். அதற்கு முன், அண்டைவீட்டுக்காரர் என்ற மரியாதைக்காக அவரிடம் ஒரு வெள்ளைத்தாளை நீட்டி, 'ஒன்றும் செய்யாது' என்பதை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்லுங்கள், எழுவாயைச் சேர்த்து.